முதல் தோசை ஒட்டிக்கொண்டால்...

உங்கள் பெண் இந்த வருஷம் கல்லூரியில் காலடி எடுத்து வைக்கிறாளா? புதுப் பை, புதுச் செருப்பு, விடுதிக்குப் போகிறவளானால் ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் தயார் செய்திருப்பீர்கள். சந்தோஷம்! ஆனால் பெட்டியில் வைக்க மறந்துபோகும் சாமான் ஒன்று உண்டு. "முதல் சில மாதங்கள் திண்டாட்டமாகத்தான் இருக்கும், பயப்படாதே" என்ற வார்த்தைதான் அது.

ஏன் திண்டாட்டம்? பன்னிரண்டாம் வகுப்பு வரையில் எதை எப்போது படிக்க வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். கல்லூரியில் சொல்வார் இல்லை. ஒரு செமஸ்டருக்குப் பாட நாட்கள் சுமார் 90தான். அதற்குள் உள்மதிப்பீட்டுத் தேர்வுகள், செய்முறை வகுப்புகள். பொதுவாக 75 சதவிகித வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுதுவதே சிரமம். 'தீபாவளிக்கு அப்புறம் படிக்கலாம்' என்று இருக்கும் பெண், தீபாவளி வந்ததும் செமஸ்டரே முடியப்போவதைக் கண்டு திகைத்துப் போகிறாள்!

இன்னொரு சங்கடம். பள்ளியில் அவள் முதல் மாணவி. இங்கேயோ பக்கத்துப் பெஞ்சிலும் ஒரு முதல் மாணவி, பின் பெஞ்சிலும் ஒரு முதல் மாணவி! தமிழில் படித்து வந்தவளுக்கு ஆங்கில விரிவுரை வேறு. தான் ஒருத்திதான் மக்கு என்று எண்ணிக்கொள்கிறாள். உண்மையில் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குத் தெரியும். முதல் செமஸ்டரில் கணிதத்தில் நான் 'அரியர்' வைத்தேன். இரண்டு வாரம் வீட்டில் மூச்சு விடவில்லை. சோறு இறங்கவில்லை, படிப்பையே விட்டுவிடலாமா என்று கூடத் தோன்றியது. ஒரு நாள் சமையலறையில் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடி அசடே! முதல் தோசை ஒட்டிக்கொண்டால் கல்லையா தூக்கி எறிகிறோம்? எண்ணெய் தடவி அடுத்ததை வார்க்கிறோம்" என்றாள். அடுத்த தடவை எழுதினேன், தேறினேன். அவ்வளவுதான் விஷயம்!

சரி, எண்ணெய் தடவுவது எப்படி? அன்றைய பாடத்தை அன்றிரவே அரை மணி நேரம் புரட்டச் சொல்லுங்கள். புரியாத ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளட்டும். நாளைக்கு ஐந்து போதும். சந்தேகத்தை வகுப்பில் கேட்கக் கூச்சமானால், வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் தனியாகக் கேட்கலாம். சேர்ந்து படிக்க ஒரு சிநேகிதி அவசியம். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து படித்த முத்துலட்சுமி ரெட்டி, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டரானார். உங்கள் பெண் அப்படித் தனியாக உட்கார வேண்டியதில்லையே!

விடுதியில் இருப்பவள் முதல் மாதம் அழுதால் உடனே அழைத்து வந்துவிடாதீர்கள். வாராவாரம் ஊருக்கு ஓடி வருகிறவளுக்கு விடுதி கடைசி வரையில் அந்நியமாகவே இருந்துவிடும்.

ஆனால் எல்லா அழுகையும் ஒன்றல்ல. மூத்த மாணவர்கள் 'ராகிங்' செய்தால் பொறுத்துப் போகச் சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதலே அது சட்டப்படி குற்றம். 1800-180-5522 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் புகார் செய்யலாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாட்டில் மனமில்லை, யாரோடும் பேச்சில்லை என்றால் அது வெறும் வீட்டு ஏக்கம் அல்ல. 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இன்றிரவு அவள் டெலிபோனில் பேசும்போது, மார்க்கைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா? இன்றைக்கு யாரோடு பேசினாய்?" என்று கேளுங்கள். மார்க் குறைந்தால் அதையும் அவளே சொல்வாள், இரண்டு வாரம் ஒளித்து வைக்காமல்.