எதிர்மாடி நாய்

விடுதியில் இடம் கிடைக்காத தமிழ் மாணவனுக்கு டில்லி தரும் புகலிடம், 'பர்சாத்தி' எனப்படும் மொட்டைமாடி அறை. காற்று தாராளம், கூடவே, எதிர்மாடியில் கட்டிப்போட்ட ஒரு நாயும் பல இடங்களில் உண்டு. அது இராப்பகலாகக் குரைக்கும். நமக்கோ மறுநாள் பரீட்சை. சங்க நண்பர்கள் பலர் இக்குறையை என்னிடம் சொன்னதுண்டு. என் அறைக்கு எதிரிலும் ஒரு நாய் இருக்கிறது. ஆகவே, இதில் விஞ்ஞானமும் சட்டமும் அனுபவமும் கூறுவதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

நாய் ஏன் ஓயாமல் குரைக்கிறது? காவலுக்கு என்பது பாதி விடைதான். நாயின் மூதாதை ஓநாய். அது கூட்டமாக வாழும் பிராணி. அவ்வழி வந்த நாய்க்குத் தனிமையே ஒரு தண்டனை. சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு ஓட வழியில்லை. மோப்பம் பிடிக்கப் புதிய இடமில்லை. கூட ஒருவரும் இல்லை. எஞ்சியிருப்பது குரல் ஒன்றே. மேலும், நம் செவி 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். நமக்கு நிசப்தமான இரவு அதற்கு நிசப்தமன்று.

வெயிலையும் எண்ணிப் பாருங்கள். நம்மைப்போல் நாய்க்கு உடல் முழுதும் வேர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதற்கு நீர் வேண்டும். டில்லியின் மே மாதத்தில், காலிக் கிண்ணத்தோடு சிமெண்டுத் தளத்தில் கிடக்கும் நாய் குரைத்தால், அதைத் தொந்தரவு என்பதா, முறையீடு என்பதா?

அதட்டினால் அடங்குமா? அடங்காது. எச்செயலுக்குப் பின் விரும்பியது கிடைக்கிறதோ அச்செயல் வலுப்பெறும் என்பது உளவியலின் அடிப்படைப் பாடம். தனித்துக் கிடக்கும் நாய்க்கு நம் வசவும் ஒரு துணையே! குரைக்கும்போது ரொட்டி வீசுவதோ, குரைப்புக்குச் சம்பளம் கொடுப்பதாகும். அது அமைதியாக இருக்கும் வேளையில்தான் அன்பு காட்ட வேண்டும். கல்லெறிந்தால் அச்சம் வளரும். அஞ்சிய நாய் கடிக்கும். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழியை நம்பிக் கை நீட்ட வேண்டாம். கடிபட்டால் புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டம் நம் பக்கமும் நாயின் பக்கமும் நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என எல்லை வகுத்தன. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமோ, நாயை எப்போதும் கட்டியே வைத்து நடமாட விடாதிருப்பதையும், போதிய உணவும் நீரும் நிழலும் தராதிருப்பதையும் குற்றமென்கிறது. அச்சட்டத்திற்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அருண்டேல் என்பது நமக்குப் பெருமை. 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஆனால் முதல் குற்றத்துக்கு அச்சட்டம் வகுத்த அபராதத்தின் உச்சம் 50 ரூபாய்! ஆகவே சட்டத்தைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்வதே விவேகம். அதிலும் நாம் வெளியூர்க்காரர், வாடகைக்கு இருப்பவர், மொழியும் அரைகுறை.

முதற்படி, பேசுவது. "உங்கள் நாய் தொல்லை" என்று தொடங்கினால் கதவு சாத்தப்படும். நான் பகல் வேளையில் சென்று, "மாதாஜி, மத்தியானத்தில் கிண்ணம் காலியாகிவிடுகிறது, நான் தண்ணீர் ஊற்றட்டுமா?" என்று என் உடைந்த இந்தியில் கேட்டேன். அப்போதுதான் உண்மை தெரிந்தது. நாய் மகனுடையது, அவர் வேலைக்காக வேறு ஊர் போய்விட்டார். முழங்கால் வலியால் அம்மூதாட்டியால் மாடிப்படி ஏற முடியவில்லை. வேளைக்கொரு தடவை யாரையாவது கெஞ்சிச் சோறு அனுப்புகிறார். நான் கொடுமை என்று எண்ணியது, இயலாமை!

ஒரு சாக்குப் பந்தல், மண்சட்டியில் நீர், மாலையில் அரை மணி நேர நடை, இரவில் மாடியை விட்டுக் கீழ்ப்படிக்கட்டில் படுக்கை — இவ்வளவே செய்தோம். சில வாரங்களில் இரவுக் குரைப்பு பெரிதும் குறைந்தது. தபால்காரரைக் கண்டால் இன்றும் குரைக்கிறது. அது அதன் உத்தியோகம்.

எல்லா வீட்டாரும் இப்படி இணங்குவர் என்று சொல்லமாட்டேன். மறுத்தால், ஒரு வாரம் நாளும் நேரமும் குறித்துவைத்துக் குடியிருப்போர் சங்கத்திடம் முறையிடுங்கள். அதுவும் பயன்படாவிடில் காவல் நிலையம். நாயை நீங்களே அவிழ்த்துக் கொண்டுபோகாதீர்கள், அது திருட்டாகிவிடும்.

வரும் ஜூனில் என் படிப்பு முடிகிறது, அறை காலியாகும். வேண்டும் நண்பர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை: வாடகையோடு, மாலை அரை மணி நேரமும் சேர்த்தி.