வாடகை வீடு (தொடர் – 9): கிருமிச் சட்டம் காத்த கூரை

வாடகை பாக்கி வைத்தவரைக் காலி செய்ய வைக்க அமெரிக்காவின் பல மாநிலங்களில் சில வாரங்களே போதும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த நாட்டில்தான் 2020 செப்டம்பர் 4 முதல், பாக்கிக்காக யாரையும் வெளியேற்றக் கூடாது என்றொரு உத்தரவு அமலுக்கு வந்தது. அதைப் போட்டது வீட்டு வசதித் துறை அல்ல, நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

வீட்டை இழந்த குடும்பம் எங்கே போகும்? அக்கா வீட்டுக்குப் போகும். அங்கே இடமில்லையென்றால் காப்பகத்துக்கு. ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்தால் கொரோனா பரவத்தான் செய்யும். இந்தக் காரணத்தைச் சொல்லி, 1944ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் தடை போட்டார்கள்.

தடை தானாக வந்து காக்கவில்லை. வருமானம் குறைந்துவிட்டது, முடிந்ததைக் கட்டுகிறேன், வெளியேற்றினால் போக்கிடமில்லை என்று உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டுக் குடித்தனக்காரரே வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். அப்படியொரு தாள் இருப்பதே தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? வாடகையும் தள்ளுபடியாகவில்லை. மாதாமாதம் பாக்கி ஏறியது. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்த சிறிய வீட்டுக்காரர்களும் தவித்தார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தை நான் மறுக்க மாட்டேன்.

இரு தரப்பையும் காப்பாற்றக்கூடியது பணம் ஒன்றுதான். அதுவும் இருந்தது. நாடாளுமன்றம் 2020 டிசம்பரில் 2,500 கோடி டாலரும், 2021 மார்ச்சில் 2,155 கோடி டாலரும் வாடகை உதவிக்கென ஒதுக்கியது. ஆனால் ஜூலை முடிவில் மக்கள் கைக்குப் போயிருந்தது சுமார் 510 கோடிதான். பணத்தைப் பங்கிட வேண்டிய பல மாநிலங்களிலும் கவுண்டிகளிலும் (நம் மாவட்டங்கள் போன்றவை) இப்படியொரு திட்டமே முன்பு இருந்ததில்லை. விண்ணப்பப் படிவத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. ரொக்கக் கூலி வாங்குபவரிடம் சம்பளச் சான்று கேட்டார்கள். எழுத்து ஒப்பந்தமே இல்லாமல் குடியிருந்தவரிடம் ஒப்பந்தத்தைக் கேட்டார்கள். உதவிப் பணமே வேண்டாம், வீட்டைக் காலி செய்தால் போதும் என்ற வீட்டுக்காரர்களும் உண்டு. பசித்தவனிடம் ரேஷன் அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பும் கொடுமைக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஜூலை 31 அன்று தடை காலாவதியாக இருந்தது. முந்தைய இரவிலிருந்தே மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் கோரி புஷ் நாடாளுமன்றப் படிக்கட்டில் படுத்துப் போராடினார். இரண்டு குழந்தைகளோடு காருக்குள் வாழ்ந்த நாட்கள் அவர் வாழ்க்கையில் உண்டு. ஆகஸ்ட் 3 அன்று, தொற்று அதிகமிருந்த பகுதிகளுக்கு மட்டும் தடை திரும்ப வந்தது.

அது 23 நாள் தாங்கியது. ஆகஸ்ட் 26 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அதை நிறுத்தியது. புகை போடுவது, பூச்சி ஒழிப்பது போன்ற வேலைகளுக்கான சட்டத்தை வைத்து நாடு முழுவதும் வெளியேற்றத்தைத் தடுக்க முடியாது, வேண்டுமானால் நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும் என்றது தீர்ப்பு. நாடாளுமன்றம் இயற்றவில்லை. தடை விலகிய அந்த நாளிலும், ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி செலவாகாமல் அரசுக் கணக்குகளிலேயே இருந்தது.