பழைய இணைப்பறைகளைச் சீரமைத்தல்

செகந்திராபாத்திலிருந்து வடக்கே பொல்லாரம் செல்லும் சாலையில், கண்டோன்மென்ட் பகுதியை ஒட்டி அமைந்துள்ளது லோத்குண்டா. தெலுங்கில் ‘லோத்து’ என்பது ஆழத்தையும், ‘குண்ட’ என்பது குட்டையையும் குறிக்கும். அண்டையிலுள்ள அல்வால், 2007-ஆம் ஆண்டில் பெருநகர ஐதராபாத் மாநகராட்சியுடன் இணைக்கப்படும்வரை தனி நகராட்சியாக இருந்தது. இத்தகைய புறநகர்ப் பகுதிகளில் ஒரு தளச் சொந்த வீடுகளும், அவற்றின் பின்புறத்தில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட அறைகளும் மிகுதி. மகனுக்குத் திருமணம் நிச்சயமானபோதோ, சமையலறை போதாமற்போனபோதோ எழுப்பப்பட்டவை இவை.

இவ்வறைகள் பெரும்பாலும் முதன்மை வீட்டின் தரத்தை எட்டுவதில்லை. வீட்டுச் சுவர் ஒன்பது அங்குலமெனில், இணைப்பறையின் சுவர் நாலரை அங்குலமாக இருக்கும். அடித்தளமும் ஆழம் குறைந்ததே. கூரை மெல்லிய கான்கிரீட் தளமாகவோ கல்நார்த் தகடாகவோ அமையும். இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் கூரை ஒழுகுகிறது. சுவரில் ஓதம் ஏறுகிறது. கோடையில் உள்ளே இருக்க முடிவதில்லை. கையிருப்போ சில பதினாயிரங்களே. அதை எதற்கு முதலில் செலவிடுவது?

பொதுவாக வண்ணப்பூச்சும் தரை ஓடும் முதலிடம் பெறுகின்றன. ஈரம் நீங்காத சுவரில் பூசிய வண்ணம் அடுத்த மழைக்காலத்திலேயே உரிந்து விழும். எனவே நீருக்கு வழி செய்வதே முதற்பணியாக வேண்டும்.

ஐதராபாத்தின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். 20 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையின் மீது ஓராண்டில் விழும் நீர் சுமார் 16,000 லிட்டர். வடிகுழாய் இல்லாத வீட்டில் இந்நீரில் பெரும்பகுதி சுவரோரத்திலேயே வடிந்து, ஆழமற்ற அடித்தளத்தை நனைக்கிறது. ஒரு வடிகுழாயும், சுவரை ஒட்டி வெளிப்புறம் சாய்வாக அமைக்கப்பட்ட மூன்றடி அகலச் சிமெண்ட் தளமும் இந்நிலையைப் பெருமளவு மாற்றிவிடும். ஐதராபாத் நிலம் பொதுவாகக் கருங்கற்பாறை மீது அமைந்தது. பாறை பல இடங்களில் மேலாகவே தென்படும். ஆயினும் பழைய குட்டைகளைத் தூர்த்த மண்ணில் எழுந்த மனைகளும் நகரில் உண்டு. அவற்றில் அடித்தளத்தருகே நீர் தேங்குவது கூடுதல் தீங்கு பயக்கும்.

பழையதும் புதியதும் கூடுமிடம்

வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு ஆழ அடித்தளங்களின் மேல் எழுந்த இரு கட்டடங்கள் ஒரே அளவில் அமிழ்வதில்லை. ஆகவே இரண்டும் சந்திக்கும் கோட்டில் வெடிப்புத் தோன்றுவது இயல்பு. அதைச் சிமெண்ட் கலவையால் அடைப்பது வழக்கமாக நடைபெறும் தவறாகும். இறுகிய கலவை அசைவுக்கு இடந்தராததால், அடுத்த கோடையிலேயே மீண்டும் பிளக்கும். அவ்விடைவெளியை அசைவுக்குரிய இணைப்பாகவே ஏற்று, நெகிழும் நிரப்புப் பொருளால் அடைத்து, அதன் மேல் உலோகத் தகட்டை ஒருபுறம் மட்டும் பொருத்துவதே சரியான முறை.

ஒழுகும் தளத்தின் மீது கலவையை மேலும் மேலும் இடுவதும் இவ்வகைத் தவறே. 20 சதுர மீட்டர் தளத்தில் ஐந்து சென்டிமீட்டர் கனத்திற்குக் கலவை பரப்பினால் ஏறத்தாழ இரண்டு டன் சுமை கூடும். மூன்று முறை ‘பழுது பார்க்கப்பட்ட’ தளம் ஆறு டன்னைச் சுமந்து நிற்கும், ஒழுக்கும் நின்றிராது. சிதைந்த பழைய அடுக்கை முதலில் அகற்றி, நீர் ஓடுவதற்குரிய சாய்வைச் சரிசெய்து, பின்னரே நீர்த்தடுப்புப் பூச்சு இடுதல் வேண்டும்.

தளத்தின் அடிப்புறத்தில் காரை உதிர்ந்து கம்பி வெளித்தெரியுமானால் காலந்தாழ்த்தலாகாது. துருவேறிய கம்பி பருத்துத் தன்னைச் சூழ்ந்த கான்கிரீட்டைப் பிளக்கிறது. தளர்ந்த பகுதியை வெட்டியெடுத்து, துருவைச் சுரண்டி, காப்புப் பூச்சிட்டு, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்புவது கொத்தனாரின் ஓரிரு நாள் வேலை. கம்பி மிகவும் இளைத்திருந்தால் மட்டும் பொறியாளரின் கருத்தைப் பெறாமல் தொடரக்கூடாது. நாலரை அங்குலச் சுவர் மீது மாடி எழுப்பும் எண்ணத்தையோ முற்றிலும் கைவிடுதல் நலம்.

வெப்பம்

வெப்பத்தைப் பொறுத்தவரை நகரின் அனுபவம் பயனுள்ளது. 2017-இல் ஐதராபாத்தின் எளிய குடியிருப்பொன்றில் 25 வீடுகளின் கூரைகளில் குளிர்கூரை முறை சோதிக்கப்பட்டது. உள்ளறை வெப்பம் சராசரியாக 2 டிகிரி செல்சியஸ் குறைந்தது. 2023 ஏப்ரலில் தெலங்கானா அரசு ஐந்தாண்டுக் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. அப்போது கூறப்பட்ட செலவு சதுர மீட்டருக்குச் சுமார் 300 ரூபாய். அக்கணக்கில் 20 சதுர மீட்டர் அறைக்கு 6,000 ரூபாயே ஆகும். சுண்ணாம்பு வெள்ளை இதனினும் மலிவு. ஆனால் மழையில் கரைவதால் ஆண்டுதோறும் பூச வேண்டும்.

கல்நார்த் தகட்டுக் கூரைக்கும் வெண்பூச்சு ஏற்றதே. ஐதராபாத்தில் 1946-இலேயே கல்நார்-சிமெண்ட் தொழில் தொடங்கியது. ‘சார்மினார்’ தகடுகள் நாடெங்கும் பரவின. இத்தகடுகளை உலர்ந்த நிலையில் துளையிடுவதும், அறுப்பதும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் நுரையீரலுக்குக் கேடான நார்த்தூசியை எழுப்பும். நனைத்து, முகக்காப்புடன், உடைக்காமல் கையாளுதல் அவசியம்.

பழுதுபார்ப்பும் பொதுநிதியும்

இத்தனை சிறு செலவுக்கும் பணம் புரட்டுவது பல குடும்பங்களுக்கு எளிதன்று. பொதுநிதியின் நோக்கு பெரும்பாலும் புதுக் கட்டுமானத்தின் மீதே இருந்து வந்துள்ளது. 2015-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், இருக்கும் வீட்டை மேம்படுத்த உதவி பெறுவதற்குக் குறைந்தது 9 சதுர மீட்டர் பரப்பைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமென விதிக்கப்பட்டது. பரப்பு கூடாமல் கூரையை மட்டும் செப்பனிடுபவர் அதற்குள் வரவில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைக் கட்டவோ வாங்கவோ பெற்ற கடனின் வட்டிக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு கிடைத்தது. பழுதுபார்க்கப் பெற்ற கடனுக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய். வங்கிகளின் முன்னுரிமைக் கடன்களில் பழுதடைந்த குடியிருப்புகளைச் செப்பனிடுவதற்கும் இடமுண்டு என்பதைக் கொத்தனாரிடம் கைமாற்றுப் பேசும் குடும்பங்களில் பல அறியா. வார்டு அலுவலகப் பலகையில் இச்செய்தியை எழுதி வைக்க ஒரு சுண்ணக்கட்டி போதும்.