இருட்டை எண்ணும் செவ்வந்தி

ஆனைக்குட்டம் அணைக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. வாசலில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே, பெயிண்ட் வாளியில் ஒரு செவ்வந்திச் செடி. இடுப்பளவு புதராக அடர்ந்து நிற்கிறது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை.

“ஆயுத பூஜைக்குப் பூக்கும்னு பார்த்தேன். புண்ணாக்கு, சாணி, டீத்தூள் சக்கை எல்லாம் போட்டாச்சு. இலைதான் வருது” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

“விளக்கை எப்ப அணைப்பீங்க?”

“விடிஞ்சபிறகுதான். ஏன்?”

அங்கேதான் சிக்கல். உரத்தில் ஒன்றும் இல்லை. செவ்வந்தி, ராத்திரியின் நீளத்தைப் பார்த்து மொட்டு வைக்கிற செடி. இரவு நீண்டால்தான் பூக்கும். நடுவில் வெளிச்சம் பட்டால் அந்த இரவைக் கணக்கில் சேர்க்காது.

இதைக் காட்டிக்கொடுத்தது அதன் உறவுச்செடி. கண்மாய்க்குள் இறங்கினால் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் முள்ளுக்காய் இருக்கிறதே, மருளூமத்தை, அதுவும் செவ்வந்தி, சூரியகாந்தி குடும்பம்தான். 1938-இல் கார்ல் ஹாம்னர், ஜேம்ஸ் பானர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அதை வைத்துச் சோதித்தார்கள். நீண்ட இருட்டில் வைத்த செடி பூத்தது. அதே இருட்டின் நடுவே சிறிது நேரம் விளக்கைப் போட்டதும் பூக்க மறுத்தது. இலையில் பைட்டோகுரோம் என்றொரு நிறமி உண்டு. வெளிச்சத்தில் ஒரு வடிவத்துக்கு மாறி, இருட்டில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பாதியில் விளக்கைப் போட்டால் மறுபடி முதலிலிருந்து.

நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். நமக்கு அது தெரிவதே இல்லை. செடிக்குத் தெரிகிறது. அதனால்தான் ஜூன், ஜூலையில் நடச் சொல்கிறார்கள்: பகல் நீண்டிருக்கும்போது உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும், இரவு நீளும்போது பூக்கட்டும் என்று. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் இதையே தொழிலாக்கிவிட்டார்கள். செடி வளரவேண்டிய நாட்களில் ராத்திரி பல்பு. பூக்கவேண்டிய நாட்களில் சாயங்காலமே கறுப்புத் திரை.

பெரும்பாலும் விதை போட்டு வளர்ப்பதில்லை. தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றை வேரோடு பிரித்து, ஓரடிக்கு ஒன்றாகப் பாரில் நடுவார்கள். நான்கு வாரத்தில் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ள மனசு வராதுதான். ஆனால் நுனி போனால்தான் பக்கக்கிளை வெடிக்கும், கிளைக்குக் கிளை பூ. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, மதுரை வேளாண் கல்லூரியின் எம்.டி.யு 1 இரண்டும் மஞ்சள் ரகங்கள். அறுத்து முடிந்ததும் மறுதாம்பு விடலாம். நம் கரிசலில் ஒரே தொல்லை, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். செவ்வந்தி வேர் அழுகிவிடும். அதற்கு வடிகிற செம்மண்தான் தோது.

டீக்கடைச் சாமி படத்து மாலையிலிருந்து ஒரு பூவை எடுத்து, ஒரு ‘இதழை’ உருவி அண்ணாச்சியிடம் காட்டினேன். அடியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாய் ஒரு சூல்பை. இதழ் என்று நாம் சொல்வது ஒவ்வொன்றும் தனிப் பூ. நூற்றுக்கணக்கான பூக்கள் கூட்டுக்குடித்தனம் நடத்துகிற வீட்டைத்தான் ‘ஒரு செவ்வந்தி’ என்று நாம் எண்ணுகிறோம்.

பட்டாசு செய்யும் இந்த வட்டாரத்துக்காரருக்கு இன்னொரு செவ்வந்தியும் பழக்கம்தான். வானத்தில் உருண்டையாக விரிந்து, பொறிகள் வால் இழுத்து இறங்கும் வாணத்துக்கு ஜப்பான்காரர்கள் வைத்த பெயர் ‘கிகு’. நம்மூர்க் ‘கிக்’ இல்லை; செவ்வந்தி என்று அர்த்தம்.

“அப்ப தீபாவளி வாண வெளிச்சத்துல செடி கெட்டுப்போகாதா?” என்றார்.

“அது கண்ணிமைக்கிற நேரம், அண்ணாச்சி. உங்க லைட்டுதான் ராத்திரி பூரா எரியுது.”

கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, வாளியை இரண்டு கையாலும் தூக்கிக் கடைக்குப் பின்னால், விளக்கு எட்டாத வேப்பமரத்துக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்.

“எத்தனை நாளாகும்?”

“ரெண்டு, ரெண்டரை மாசம்.”

“பொங்கலுக்கு வந்துரும்” என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டார்.