உமிழ்நீரையும் காப்பாற்றும் கதிர்வீச்சு

தொண்டை குறுகலான இடம். குரல்வளை, விழுங்கும் தசைகள், உணவுக்குழாயின் தொடக்கம் எல்லாம் அங்கே நெருங்கிக் கிடக்கின்றன. பின்னால் தண்டுவடம், காதுகளுக்குக் கீழே இருபுறமும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள். இங்கே வரும் புற்றுக்கட்டியைக் கதிரால் அழிப்பது பல பத்தாண்டுகளாகவே நடக்கிறது. சுற்றியுள்ளவற்றைக் கெடுக்காமல் அழிப்பதுதான் கைவராமல் இருந்தது.

பழைய முறையில் கழுத்தின் இரு பக்கங்களிலிருந்தும் கதிர் பாயும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் நேராக அதன் பாதையில் இருந்தன. கட்டி கரைந்தது, உமிழ்நீரும் வற்றியது. இதைச் சின்னக் குறையென்று ஒதுக்கிவிட முடியாது. சோறு நனையாமல் தொண்டையில் நிற்கும், ருசி போகும், பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாகும், நாக்கு ஒட்டிக்கொண்டு பாதித் தூக்கத்தில் எழுப்பிவிடும். பிழைத்தவர்கள் இத்தனையையும் ஆண்டுக்கணக்கில் சுமந்தார்கள்.

இதை மாற்றியது ஐ.எம்.ஆர்.டி. எனும் முறை. கருவியின் முகப்பில் உள்ள மெல்லிய டங்ஸ்டன் தகடுகள் கணினியின் கணக்குப்படி நகர்ந்து, கதிரின் வடிவையும் செறிவையும் இடத்துக்கு இடம் மாற்றுகின்றன. பல கோணங்களிலிருந்து வரும் கதிர்கள் கட்டியில் முழு அளவாகக் கூடுகின்றன. சுரப்பிகளுக்குக் குறைவாகவே போகிறது. வி.மேட் என்ற அடுத்த வடிவத்தில், கருவி நோயாளியைச் சுற்றிவந்தபடியே சில நிமிடங்களில் வேலையை முடிக்கிறது.

பலன் உண்டா? பிரிட்டனில் 94 நோயாளிகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள். 2011இல் வெளியான அந்த முடிவின்படி, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பழைய முறையில் 83 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க வாய் உலர்வு இருந்தது, ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களில் 29 சதவீதம். நோய்க் கட்டுப்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. விழுங்கும் தசைகளையும் இப்படியே காத்தால் சாப்பிடுவது எளிதாகிறது என்று 2023இல் வெளியான இன்னொரு பிரிட்டன்-அயர்லாந்து ஆய்வு காட்டியது.

புரோட்டான் சிகிச்சை 2019இலிருந்து சென்னையிலும் கிடைக்கிறது. குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும் கதிர் அது. செலவு மிக அதிகம். அது கிடைக்கவில்லையே என்று குடும்பங்கள் மனம் உடைய வேண்டியதில்லை. கவனமாகத் திட்டமிட்ட ஐ.எம்.ஆர்.டி. இன்றும் உறுதியான சிகிச்சைதான். குரல்நாணில் மட்டும் தொடக்கநிலையில் இருக்கும் கட்டிக்கோ, சிறிய பரப்பில் தரும் எளிய கதிர்வீச்சிலேயே பத்தில் ஒன்பது பேர் வரை குணமாகிறார்கள்.

எந்தக் கருவியானாலும் குறி தவறக்கூடாது. வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலையை முகத்தில் படியவைத்து மாஸ்க் செய்கிறார்கள். தினமும் அதை மாட்டித்தான் கதிர். உடல் இளைத்து மாஸ்க் தளர்ந்தால், புதிதாக ஸ்கேன் எடுத்துத் திட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும். முற்றிய நோய்க்கு வழக்கமான அளவு 70 கிரே: வாரம் ஐந்து நாள், ஏழு வாரம், பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் மருந்துடன். நான்காவது வாரத்துக்குப் பிறகு எஞ்சிய புற்றணுக்கள் வேகமாகப் பெருகத் தொடங்கும். வாய் புண்ணாகி நோயாளி 'கரண்ட் வைத்தது போதும்' என்று சொல்வதும் அந்த வாரங்களில்தான். அப்போது வலிமருந்தைக் கூட்டலாம், மூக்குவழிக் குழாயில் உணவு தரலாம். நாள் மட்டும் தவறக்கூடாது.

தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கதிர்பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். விழுங்கும் பயிற்சியை முதல் வாரத்திலேயே கேட்டுப் பெறுங்கள். புகைப்பதை உடனே நிறுத்த வேண்டும். சிகிச்சை முடிந்தபின் தைராய்டு பரிசோதனை சில ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும்.