கிறிஸ்டோபர் லீ (மலேசிய நடிகர்)

கிறிஸ்டோபர் லீ (பிறப்பு: சூலை 23, 1971) மலேசியாவின் மலாக்காவில் பிறந்த தொலைக்காட்சி நடிகர் ஆவார். டிராகுலா வேடத்தால் புகழ்பெற்ற பிரித்தானிய நடிகர் வேறொருவர். இவர் 1990களின் நடுவில் சிங்கப்பூர் சென்று மாண்டரின் மொழி நாடகங்களில் நடிக்கத் தொடங்கினார்.

சின் யோங்கின் புதினத்தைத் தழுவிய 1998ஆம் ஆண்டுத் தொடரில், தன் குருவையே காதலிக்கும் ஒற்றைக்கை வீரன் யாங் குவோவாக நடித்தார். ஆங்காங்கில் ஆன்டி லாவ் (1983), லூயிஸ் கூ (1995) ஆகியோர் முன்னரே ஏற்றிருந்த வேடமாதலால், ஒப்பீடு தவிர்க்க இயலாததாயிற்று. அதில் குருவாக நடித்த ஃபான் வோங்கை 2009 இல் மணந்தார்.

இதற்கிடையே, மதுபோதையில் வாகனம் ஓட்டி விபத்து ஏற்படுத்திய வழக்கில் 2007 இல் சிறைத்தண்டனை பெற்றார். எனினும் நடிப்பைத் தொடர்ந்தார். பின்னர் தாய்வான் படைப்புகளிலும் நடித்து, அங்கு வழங்கப்படும் முதன்மையான தொலைக்காட்சி விருதாகிய தங்க மணி விருதினை 2014 இல் குறுந்தொடர், தொலைக்காட்சித் திரைப்படப் பிரிவின் சிறந்த நடிகராகப் பெற்றார்.