பாலின் மேல் எழுந்த ஐயம்

வெள்ளாட்டுப் பாலில் மருந்து தங்கியுள்ளதா என்று அறியும் சோதனையைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகின்றேன். என் வீட்டில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகின்றேன்.

எங்கள் தெருவில் ஆடு வளர்க்கும் மூதாட்டி ஒருவர் உளர். சென்ற மார்கழியில் அவரிடம் வாங்கிய பாலைக் காய்ச்சிப் பிரை ஊற்றி வைத்தோம். பொழுது விடிந்தும் தயிர் உறையவில்லை. "ஆட்டுக்கு ஊசி போட்டிருப்பார், அதை மறைத்துப் பாலை விற்றுவிட்டார்" என்றனர் வீட்டார். நானும் அவ்வாறே எண்ணினேன். அம்மூதாட்டியோ, "ஊசியே போடவில்லை ஐயா, ஆடு குட்டி போட்டு ஒரு வாரந்தான் ஆகிறது" என்றார்.

எங்கள் ஐயம் அடிப்படையற்றதன்று. மடிநோய் கண்ட ஆட்டுக்குப் பெனிசிலின் போன்ற மருந்தைச் செலுத்தினால், அதன் ஒரு பகுதி பாலில் கலக்கும். பாலைத் தயிராக்குவனவும் நுண்ணுயிர்களே. அவற்றையும் அம்மருந்து தடுக்கும். காய்ச்சுவதால் பெனிசிலின் முற்றும் அழிந்துவிடாது. அது ஒவ்வாதவருக்குச் சிறிதளவும் தீங்கு செய்யலாம். மேலும், குறைந்த அளவு மருந்தோடு பழகும் கிருமிகள் அதை எதிர்க்கும் ஆற்றலைப் பெறக்கூடும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ஆம் ஆண்டு நோபல் பரிசு உரையிலேயே இவ்வாபத்தை எடுத்துரைத்தார். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ பாலில் 4 மைக்ரோகிராமுக்கு மேல் பெனிசிலின் இருத்தலாகாது என விதித்துள்ளது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு!

இத்துணைச் சிறிய அளவைக் கண்டறிவது எங்ஙனம்? பால் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றும் என் பழைய மாணவர் அதைச் செய்து காட்டினார். ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்பது வெப்பத்தை விரும்பும் ஒரு நுண்ணுயிர். அதனையும் ஊதா நிறச் சாயம் ஒன்றையும் கொண்ட சிறு குப்பியில் காய்ச்சாத பாலைச் சில துளி இட்டு, 64 பாகை செல்சியசில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வைப்பர். மருந்து இல்லையெனில் நுண்ணுயிர் பெருகி அமிலத்தை உண்டாக்கும், ஊதா மஞ்சளாகும். மருந்து இருப்பின் நுண்ணுயிர் வளராது. ஊதா ஊதாவாகவே நிற்கும்.

மூதாட்டியின் பால் ஊதாவாகவே நின்றது! குற்றம் உறுதியாயிற்று என்று நான் எண்ணினேன். மாணவரோ, "பொறுங்கள் ஐயா. ஏதோ ஒன்று தடுக்கிறது என்பதே இதன் பொருள், அது மருந்துதான் என்பதன்று" என்றார். ஈன்ற சில நாள்களில் ஆட்டுப்பாலில் லைசோசைம், லாக்டோஃபெரின் முதலிய இயற்கைத் தற்காப்புப் பொருள்கள் மிகுந்திருக்கும். அவையும் நுண்ணுயிரைத் தடுக்க வல்லவை. ஆனால் அவை வெப்பத்தால் செயலிழக்கும். பெனிசிலினோ அவ்வளவு வெப்பத்தைப் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆகவே அதே பாலை 80 பாகையில் பத்து நிமிடம் சூடாக்கி, மீண்டும் சோதித்தார். இம்முறை குப்பி மஞ்சளாயிற்று.

தயிர் உறையாததற்குக் காரணம் மார்கழிக் குளிரும் எங்கள் பழைய பிரையுமே எனத் தெளிந்தேன். அம்மூதாட்டியின் வாசலுக்குச் சென்று, என் பிழையை ஒப்புக்கொண்டேன்.

மாணவர்களே, மருந்திட்ட ஆட்டின் பாலை மருத்துவர் குறித்த நாள்வரை விற்காதிருத்தல் வளர்ப்போர் கடமை. ஒருவரைக் குற்றவாளி எனக் கூறுமுன் மறுமுறை சோதித்தல் நம் கடமை. நற்சோதனை என்பது குடிப்பவரைக் காப்பதோடு விற்பவரையும் காக்க வேண்டும்.